எரிபொருள் விலை அரசியலும் எண்ணெய் வளக் குறைவும்

எரிபொருள் விலை அரசியல் என்பது பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், சமையல் எரிவாயு ஆகியவற்றின் விலை மாற்றங்களையும் பாறை எண்ணெய் வளத்தின் குறைவையும் அரசியலாளர்கள் மக்களுக்கு எடுத்துரைக்கும் முறைகளையும், அவற்றால் உருவாகும் பொதுப்புரிதலையும் குறிக்கும். விலை மக்களின் கண்ணுக்கு நாள்தோறும் தெரிகிறது. பெட்ரோல் பங்கின் பலகையிலேயே எழுதியிருக்கிறது. வளக் குறைவோ நிலத்தடியில் நிகழ்வது. அதைப் பிறர் சொல்லித்தான் அறிய முடியும். எனவே எண்ணெயைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது, பதவியில் இருப்பவர்களும் பதவிக்கு வர விரும்புபவர்களும் எதைச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதைப் பெரிதும் சார்ந்துள்ளது.

ஒரு சட்டமன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டுகள். ஓர் எண்ணெய் வயலின் ஆயுள் பல பத்தாண்டுகள். இந்த இரு கால அளவுகளும் பொருந்தாமையே இப்பொருளின் அடிப்படைச் சிக்கலாகும். இக்கட்டுரை முதலில் தேவையான சொற்களை விளக்கி, பின்னர் ஐக்கிய அமெரிக்கா, இந்தியா, இலங்கை முதலிய நாடுகளின் பட்டறிவை எடுத்துக்காட்டுகிறது.

அடிப்படைக் கருத்துகள்

எண்ணெய் வளக் குறைவு

பாறை எண்ணெய் பல கோடி ஆண்டுகளில் உருவானது. அது உருவாகும் வேகத்தைவிட எடுக்கப்படும் வேகம் மிகப் பெரிது என்பதால் அது புதுப்பிக்க இயலாத வளம் ஆகும். ஆனால் "எண்ணெய் தீர்ந்துவிடும்" என்பதற்கும் "எண்ணெய் குறைந்து வருகிறது" என்பதற்கும் வேறுபாடு உண்டு.

நம் ஊர்க் கிணறுகளை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். முன்பு இருபது அடியில் கிடைத்த தண்ணீருக்கு இன்று எண்ணூறு அடி ஆழ்துளைக் கிணறு போட வேண்டியிருக்கிறது. தண்ணீர் இன்னும் வருகிறது. ஆனால் துளையிடும் செலவு, மோட்டார், மின்சாரம் எல்லாம் கூடிவிட்டன. எண்ணெயும் அவ்வாறே. எளிதாகவும் மலிவாகவும் எடுக்கக்கூடிய எண்ணெய் முதலில் எடுக்கப்படுகிறது. பிறகு ஆழ்கடல், மணற்பாறை, களிப்பாறை என்று கடினமான இடங்களுக்குச் செல்ல நேர்கிறது. கடைசிச் சொட்டு தீரும் நாளைவிட, மலிவான எண்ணெய் குறையும் காலமே மக்களின் வாழ்க்கையை முன்னதாகத் தொடுகிறது.

எண்ணெய் உச்சம்

ஒரு வயலிலோ நாட்டிலோ உற்பத்தி ஏறி, உச்சத்தை எட்டி, பின் இறங்கும் என்னும் கருத்தை 1956-இல் அமெரிக்க நிலவியலாளர் எம். கிங் ஹப்பர்ட் முன்வைத்தார். ஐக்கிய அமெரிக்காவின் கச்சா எண்ணெய் உற்பத்தி 1970-ஐ ஒட்டி உச்சத்தை அடையும் என்று அவர் கணித்தார். 1970-இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 96 லட்சம் பீப்பாய் என்னும் அளவை எட்டிய பின் அந்நாட்டின் உற்பத்தி இறங்கத் தொடங்கியது. ஆனால் களிப்பாறையில் நீரழுத்த முறிவு முறை பரவியதால் 2018-இல் உற்பத்தி அந்தப் பழைய உச்சத்தைத் தாண்டியது. ஹப்பர்ட்டின் கருத்து எளிதில் எடுக்கக்கூடிய எண்ணெய்க்குப் பொருந்தியது. புதிய நுட்பத்தையும் உயர்ந்த விலையையும் அது கணக்கில் கொள்ளவில்லை. இந்த ஒரே வரலாற்றை எடுத்துக்கொண்டு ஒரு தரப்பு "எச்சரிக்கை உண்மையாயிற்று" என்றும், மறுதரப்பு "எச்சரிக்கை பொய்த்துவிட்டது" என்றும் பேச முடிகிறது.

மெய்ப்பிக்கப்பட்ட இருப்பு

இன்றைய விலையிலும் நுட்பத்திலும் இலாபத்துடன் எடுக்க முடியும் என்று உறுதிசெய்யப்பட்ட எண்ணெயே மெய்ப்பிக்கப்பட்ட இருப்பு எனப்படும். அது நிலத்தடியில் உள்ள மொத்த எண்ணெய் அன்று. விலை ஏறினால், எண்ணெய் ஒரு சொட்டும் கூடாமலேயே இருப்பின் கணக்கு ஏறும்.

1980-இல் உலகின் மெய்ப்பிக்கப்பட்ட இருப்பு ஏறத்தாழ 68,000 கோடி பீப்பாய். அன்றைய நுகர்வு வேகத்தில் அது சுமார் 30 ஆண்டுகளுக்கு வரும். அடுத்த நாற்பது ஆண்டுகளில் உலகம் ஒரு லட்சம் கோடி பீப்பாய்க்கும் மேல் பயன்படுத்திவிட்டது. ஆயினும் 2020-இல் கணக்கில் இருந்த இருப்பு ஏறத்தாழ 1,70,000 கோடி பீப்பாய். அதாவது ஐம்பது ஆண்டுகளுக்கும் சற்று மேல். "இன்னும் இத்தனை ஆண்டுகளே" என்னும் அறிவிப்பைக் கேட்கும்போது, அது வகுத்துக் கிடைத்த ஈவு மட்டுமே, எண்ணெய் தீரும் தேதி அன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இருப்புக் கணக்கும் அரசியலிலிருந்து விடுபட்டதன்று. 1985-இல் குவைத் தன் இருப்பை ஒரே ஆண்டில் பெருமளவு உயர்த்தி அறிவித்தது. அடுத்த ஐந்தாண்டுகளில் ஐக்கிய அரபு அமீரகம், ஈரான், ஈராக், சவூதி அரேபியா ஆகியவையும் அவ்வாறே உயர்த்தின. அக்காலத்தில் ஒபெக் கூட்டமைப்பு உறுப்பு நாடுகளுக்கு உற்பத்திப் பங்கீடு வகுத்துவந்தது. இருப்பு மிகுதியாக உள்ள நாடு மிகுதியான பங்கு கோர முடிந்தது. ஆகவே அந்த உயர்வுகளில் எவ்வளவு நிலவியல், எவ்வளவு பேரம் என்னும் ஐயம் ஆய்வாளர்களிடையே இன்றும் உள்ளது.

சில்லறை விலை அமையும் முறை

ஒரு பீப்பாய் ஏறத்தாழ 159 லிட்டர். கச்சா எண்ணெய் பீப்பாய் 80 டாலர், ஒரு டாலர் 83 ரூபாய் என்று கொண்டால், ஒரு லிட்டர் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ 42 ரூபாய் ஆகும். அதன் மேல் சுத்திகரிப்பு, போக்குவரத்து, எண்ணெய் நிறுவனத்தின் இலாபம், முகவர் தரகு, ஒன்றிய அரசின் கலால் வரி, மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரி ஆகியவை சேர்கின்றன.

2024 மார்ச் விலைக் குறைப்புக்குப் பின் தில்லியில் பெட்ரோல் லிட்டர் 94.72 ரூபாய். அதில் கலால் வரி 19.90 ரூபாய், மாநில வரி 15 ரூபாய்க்குச் சற்று மேல். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வரியாகும்.

இதிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. விலையை உயர்த்தும் காரணிகளுள் உலகச் சந்தை ஒன்று, ரூபாயின் மதிப்பு ஒன்று, வரி ஒன்று. முதலாவது எந்த இந்திய அரசின் கையிலும் இல்லை. இரண்டாவது ஓரளவே அரசின் கையில் உள்ளது. மூன்றாவது முழுவதும் அரசுகளின் கையில் உள்ளது. விலை ஏறும்போது பதவியில் இருப்பவர் முதலாவதைப் பற்றியும், எதிர்க்கட்சியினர் மூன்றாவதைப் பற்றியும் பேசுவது வழக்கம்.

ஐக்கிய அமெரிக்காவின் பட்டறிவு

நிக்சன்: தற்சார்பு வாக்குறுதி

1973 அக்டோபரில் அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று தொலைக்காட்சியில் உரையாற்றிய குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சன், 1980-க்குள் ஆற்றலில் தற்சார்பு அடையும் திட்டத்தை அறிவித்தார். நெடுஞ்சாலைகளில் மணிக்கு 55 மைல் என்னும் வேக வரம்பும் வந்தது.

உள்நாட்டு உற்பத்தி 1970-லேயே உச்சத்தைக் கடந்துவிட்டது என்பது மக்களின் மனத்தில் பதியவில்லை. தட்டுப்பாடு வெளிநாட்டுப் பகைமையின் விளைவாகவே காட்டப்பட்டது. 1977-இல் அந்நாடு தன் எண்ணெய்த் தேவையில் ஏறத்தாழப் பாதியை இறக்குமதி செய்தது. வாக்குறுதி அளிக்கப்பட்ட காலத்தைவிட இது அதிகம்.

கார்ட்டர்: கசப்பான எச்சரிக்கை

ஜிம்மி கார்ட்டர் வளக் குறைவை வெளிப்படையாகப் பேசியவர். 1977 பிப்ரவரியில் கம்பளி மேலாடை அணிந்து தொலைக்காட்சியில் தோன்றி, வீடுகளில் வெப்பமூட்டும் கருவியின் அளவைக் குறைத்துவைக்கும்படி கேட்டுக்கொண்டார். அவ்வாண்டு ஏப்ரல் 18 அன்று, ஆற்றல் சிக்கலைப் போருக்கு ஒப்பான அறமுயற்சியாகக் கருத வேண்டும் என்றார். இக்கருத்தைச் சொல்லும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் பூனை கத்தும் ஒலி வருவதால் எதிர்ப்பாளர்கள் அதைக் கேலி செய்தனர்.

அதே உரையில், உலகத் தேவை முன்போல ஆண்டுக்கு 5 விழுக்காடு வளர முடியுமானால், மெய்ப்பிக்கப்பட்ட இருப்பு முழுவதும் அடுத்த பத்தாண்டின் இறுதிக்குள் தீர்ந்துவிடக்கூடும் என்றும் அவர் கூறினார். தேவை அவ்வாறு வளரவில்லை. விலை ஏறியதாலும் சிக்கன நடவடிக்கைகளாலும் அது குறைந்தது. ஆனால் பின்னாளில் மக்கள் நினைவில் நின்றது "தீர்ந்துவிடும்" என்னும் சொல்லே. "வளர முடியுமானால்" என்னும் நிபந்தனை மறைந்துபோயிற்று. எச்சரிக்கை பொய்த்ததாக எண்ணப்பட்டதால், அதன்பின் எச்சரிக்க முன்வந்தவர்களின் நம்பகத்தன்மையும் குறைந்தது.

1979-இல் ஈரான் புரட்சியை அடுத்து மீண்டும் பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசைகள் தோன்றின. அவ்வாண்டு வெள்ளை மாளிகையின் கூரையில் சூரிய வெப்பத் தகடுகளைக் கார்ட்டர் நிறுவினார். 1980 தேர்தலில் அவர் தோற்றார்.

ரீகனும் அதற்குப் பிறகும்

1981 சனவரியில் பதவியேற்ற ரொனால்டு ரீகன், பற்றாக்குறைக்கு அரசின் கட்டுப்பாடே காரணம் என்னும் கருத்தை முன்வைத்து, எஞ்சியிருந்த எண்ணெய் விலைக் கட்டுப்பாட்டை உடனே நீக்கினார். 1986-இல் கச்சா எண்ணெய் விலை 15 டாலருக்கும் கீழே சரிந்தது. அதே ஆண்டு வெள்ளை மாளிகையின் சூரியத் தகடுகள் கழற்றப்பட்டு, பின்னர் மீண்டும் பொருத்தப்படாமல் போயின.

விலை வீழ்ச்சிக்கு வடகடல், அலாஸ்கா ஆகிய இடங்களின் புதிய உற்பத்தி, சவூதி அரேபியாவின் முடிவு, கார்களின் எரிபொருள் திறன் உயர்வு எனப் பல காரணங்கள் உண்டு. அந்தத் திறன் உயர்வுக்கு அடிப்படையான சட்டம் 1975-இல் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்டது. பத்தாண்டுகளுக்கு முன் போடப்பட்ட விதையின் விளைச்சல் வேறொருவரின் பெயரில் அறுவடையானது. எண்ணெய் அரசியலில் இது அடிக்கடி நிகழ்கிறது.

2006-இல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தம் நாடு எண்ணெய்க்கு அடிமையாகிவிட்டது என்று நாடாளுமன்ற உரையில் ஒப்புக்கொண்டார். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் 147 டாலரைத் தொட்டது. அவ்வாண்டுத் தேர்தலில் ஜான் மெக்கெயினும் ஹில்லரி கிளின்டனும் கோடைக்காலத்துக்குப் பெட்ரோல் வரியை நிறுத்திவைக்கலாம் என்றனர். பராக் ஒபாமா அதை எதிர்த்தார். குடியரசுக் கட்சி மாநாட்டில் "துளையிடுவோம்" என்னும் முழக்கம் எழுந்தது. புதிதாக ஒரு வயலைக் கண்டறிந்து எண்ணெய் எடுக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதை அம்முழக்கம் சொல்லவில்லை.

2022 ஜூனில் அந்நாட்டில் பெட்ரோல் சராசரியாகக் கேலன் 5 டாலரைத் தாண்டியது. அப்போது ஜோ பைடன் விலையேற்றத்துக்கு ரஷ்யத் தலைவர் பூட்டினைக் காரணம் காட்டினார். எதிர்ப்பாளர்களோ பைடனின் படம் உள்ள ஒட்டுவில்லைகளை பங்க் எந்திரங்களில் ஒட்டினர். உத்திசார் இருப்பிலிருந்து 18 கோடி பீப்பாய் விற்பனைக்கு விடப்பட்டது. மூன்று மாத வரி விலக்கு வேண்டும் என்ற பைடனின் கோரிக்கை நிறைவேறவில்லை. அமெரிக்க ஒன்றிய அரசின் பெட்ரோல் வரி 1993 முதல் கேலனுக்கு 18.4 சென்ட் என்னும் அளவிலேயே நிற்கிறது. இரு கட்சிகளுமே அதை உயர்த்தத் துணியவில்லை.

இந்தியாவின் பட்டறிவு

கட்டைவண்டி முதல் கடையடைப்பு வரை

1973-இல் இந்திரா காந்தி அரசு பெட்ரோல் விலையைக் கடுமையாக உயர்த்தியது. அவ்வாண்டு நவம்பரில் எதிர்க்கட்சித் தலைவர்களுள் ஒருவரான அடல் பிகாரி வாச்பாய் மாட்டுவண்டியில் நாடாளுமன்றத்துக்கு வந்து எதிர்ப்புத் தெரிவித்தார். மக்கள் மறக்காத காட்சியாக அது அமைந்தது. அதன்பின் எதிர்க்கட்சியில் இருக்கும் எவரும் வண்டி, மிதிவண்டி, காலியான எரிவாயு உருளை ஆகியவற்றோடு போராடுவது வழக்கமாயிற்று.

2012 மே மாதத்தில் பெட்ரோல் லிட்டருக்கு ஒரே நாளில் 7 ரூபாய்க்கும் மேல் உயர்ந்தபோது, பாரதிய ஜனதா தலைமையிலான கூட்டணி மே 31 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு நடத்தியது. 2018 செப்டம்பர் 10 அன்று அதே காரணத்துக்காகக் காங்கிரசு முழு அடைப்பு நடத்தியது. ஆறு ஆண்டுகளில் போராடியவர்களும் விளக்கம் அளித்தவர்களும் இடம் மாறிக்கொண்டனர்; வாதங்களும் அவர்களோடு இடம் மாறின.

விலைக் கட்டுப்பாடும் எண்ணெய்ப் பத்திரங்களும்

நீண்ட காலம் இந்தியாவில் அரசே விலையை நிர்ணயித்தது. நிர்வகிக்கப்பட்ட விலை முறை 2002 ஏப்ரலில் நீக்கப்பட்டாலும், நடைமுறையில் கட்டுப்பாடு தொடர்ந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலையும், 2014 அக்டோபரில் டீசல் விலையும் சந்தைக்கு விடப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலை மாற்றும் முறை நாடெங்கும் வந்தது.

விலையை உயர்த்தாமல் இருந்த ஆண்டுகளில் ஏற்பட்ட இடைவெளியை நிரப்ப, 2005 முதல் 2010 வரை எண்ணெய் நிறுவனங்களுக்குப் பணத்துக்குப் பதிலாக எண்ணெய்ப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. இவை பின்வரும் அரசுகள் அடைக்க வேண்டிய கடனாகும். இன்றைய நுகர்வோருக்குத் தரப்பட்ட சலுகையை நாளைய வரி செலுத்துவோர் ஏற்பது இதன் பொருள். அன்று அது சலுகையாக அறிவிக்கப்பட்டதே தவிர, கடனாக மக்களிடம் விளக்கப்படவில்லை.

2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், இப்பத்திரங்களின் சுமையால் வரியைக் குறைக்க முடியவில்லை என்றார். நிலுவையில் இருந்த அசல் ஏறத்தாழ 1.3 லட்சம் கோடி ரூபாய். ஆண்டு வட்டி ஏறத்தாழ 10,000 கோடி. ஆனால் 2020-21-இல் மட்டும் பெட்ரோல், டீசல் மீதான கலால் வரி வருவாய் 3 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. பத்திரக் கடன் உண்மையானது; அதுவே விலைக்கு முழுக் காரணம் என்பது எண்களால் நிறுவப்படவில்லை.

வரியும் நேரமும்

2014 நடுவில் 110 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் 2016 சனவரியில் 30 டாலருக்கும் கீழே சென்றது. 2014 நவம்பர் முதல் 2016 சனவரி வரை ஒன்பது முறை கலால் வரி உயர்த்தப்பட்டது, பெட்ரோலுக்கு 11.77 ரூபாய், டீசலுக்கு 13.47 ரூபாய் கூடியது. உலக விலை சரிந்த பயனின் பெரும்பகுதி அரசின் கருவூலத்துக்குச் சென்றது. 2020 மே மாதத்தில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் மீண்டும் கூட்டப்பட்டன. விலை இறங்கும்போது வரி ஏறினால் பங்கின் பலகையில் மாற்றம் தெரியாது. ஆகவே எதிர்ப்பும் எழுவதில்லை.

நாள்தோறும் மாற வேண்டிய விலை சில நாட்களில் மட்டும் அசையாமல் நின்றதும் கவனிக்கத்தக்கது. 2018 மே மாதக் கர்நாடகத் தேர்தலுக்கு முன் 19 நாட்கள் விலை மாறவில்லை. 2022 தொடக்கத்தில் ஐந்து மாநிலத் தேர்தல்கள் முடியும் வரை நான்கு மாதங்களுக்கும் மேல் மாறவில்லை. மார்ச் 22 அன்று மீண்டும் ஏறத் தொடங்கியது. 2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய நாள், மார்ச் 15 அன்று, லிட்டருக்கு 2 ரூபாய் குறைப்பு நடைமுறைக்கு வந்தது. விலை முடிவு எண்ணெய் நிறுவனங்களுடையது என்பதே அரசுகளின் விளக்கம்.

ஒன்றியமும் மாநிலமும்

கலால் வரியின் பெரும்பகுதி கூடுதல் தீர்வைகளாகவும் மேல்வரிகளாகவும் விதிக்கப்படுவதால் அது மாநிலங்களுடன் பகிரப்படுவதில்லை. பகிரப்படும் அடிப்படைக் கலால் வரி 2021 முதல் பெட்ரோல் லிட்டருக்கு 1.40 ரூபாய் மட்டுமே. இதைச் சுட்டி மாநிலங்கள் ஒன்றியத்தைக் குறை கூறுகின்றன. மாநில வரி விழுக்காட்டைச் சுட்டி ஒன்றியம் மாநிலங்களைக் குறை கூறுகிறது. பெட்ரோலியப் பொருள்களைச் சரக்கு, சேவை வரிக்குள் கொண்டுவர வேண்டும் என்று பேசுவோர் பலர். ஆனால் வருவாய் இழப்புக்கு அஞ்சி ஒன்றியமும் மாநிலங்களும் அதைச் செயற்படுத்தவில்லை.

தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 4 ரூபாயும் குறைப்பதாக வாக்குறுதி அளித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நிதிநிலை அறிக்கையில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டது. இதனால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் வருவாய் குறையும் எனவும் கூறப்பட்டது. டீசல் வரி குறைக்கப்படவில்லை.

வளக் குறைவு பற்றிய மௌனம்

1974-இல் பம்பாய்க் கடற்பகுதியில் எண்ணெய் கண்டறியப்பட்டது, தற்சார்பு பற்றிய நம்பிக்கையை வளர்த்தது. ஆனால் அந்த வயல்கள் முதுமை அடைந்துவிட்டன. 2011-12-இல் ஏறத்தாழ 380 லட்சம் டன்னாக இருந்த இந்தியக் கச்சா எண்ணெய் உற்பத்தி, 2023-24-இல் 300 லட்சம் டன்னுக்கும் கீழே வந்துவிட்டது. தேவையோ ஆண்டுதோறும் கூடுகிறது. 2015 மார்ச்சில் பிரதமர் நரேந்திர மோடி, 77 விழுக்காடாக இருந்த இறக்குமதிச் சார்பை 2022-க்குள் 10 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைக்க வேண்டும் என்று இலக்கு அறிவித்தார். 2022-23-இல் அது 87 விழுக்காட்டை எட்டியது. 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தொடங்கிவைத்து அவர் பேசியபோது, முந்தைய அரசுகள் இறக்குமதிச் சார்பைக் குறைத்திருந்தால் நடுத்தர மக்களுக்கு இந்தச் சுமை வந்திராது என்றார்.

சிக்கனம் பற்றிப் பேசுவோருக்கு எளிதில் வரவேற்புக் கிடைப்பதில்லை. 2013 செப்டம்பரில் பெட்ரோலிய அமைச்சர் வீரப்ப மொய்லி, இரவில் பங்குகளை மூடுவது போன்ற யோசனைகளைக் குறிப்பிட்டார். கடும் எதிர்ப்பும் கேலியும் எழுந்ததால் அந்த யோசனை உடனே கைவிடப்பட்டது. எரிபொருளைச் சேமிக்கும் வழிகளை மக்களுக்குக் கற்பிக்கப் பெட்ரோலியச் சேமிப்பு ஆய்வுக் கழகம் 1978 முதல் இயங்குகிறது. ஆயினும் அதன் செய்திகள் தேர்தல் மேடையை எட்டுவது அரிது.

காவிரிப் படுகையில் இன்னொரு முரண் தெரிகிறது. நிலத்தடி நீரும் வேளாண்மையும் கெடும் என்னும் அச்சத்தால் 2017-இல் நெடுவாசலில் ஐட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக மக்கள் போராடினர். 2020-இல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாப் பகுதியில் புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்தைத் தடை செய்தது. நெல்லா எண்ணெயா என்னும் கேள்விக்கு அங்குள்ள மக்கள் விடை சொன்னார்கள். ஆனால் அந்த விடையின் மறுபாதி, அதாவது எண்ணெயைக் குறைவாகப் பயன்படுத்துவது எப்படி என்பது, விலையை எதிர்க்கும் அதே மேடைகளில் பேசப்படவில்லை.

இலங்கையும் பிற நாடுகளும்

இலங்கையில் 2018 மே மாதத்தில் நிதியமைச்சர் மங்கள சமரவீர எரிபொருள் விலைச் சூத்திரத்தை அறிமுகப்படுத்தினார். உலக விலைக்கேற்ப உள்நாட்டு விலை ஏறி இறங்கும் என்பது அதன் அடிப்படை. அரசியல் எதிர்ப்புக்கு உள்ளான அச்சூத்திரம் 2019 இறுதியில் ஆட்சி மாறியபின் கைவிடப்பட்டது. அந்நியச் செலாவணி தீர்ந்த 2022-இல் நாடெங்கும் எரிபொருள் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன; வரிசையில் காத்திருந்தவர்களுள் சிலர் உயிரிழந்தனர். 2021 டிசம்பரில் லிட்டர் 177 ரூபாயாக இருந்த பெட்ரோல் 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாய் ஆயிற்று. ஜூலையில் கியூஆர் குறியீட்டு எரிபொருள் அட்டை மூலம் வாராந்தப் பங்கீடு தொடங்கியது. சிறிது சிறிதாகச் சொல்லப்பட வேண்டிய உண்மை, ஒரே ஆண்டில் முழுச் சுமையாக வந்து விழுந்தது.

பிரித்தானியாவில் 1993-இல் எரிபொருள் வரியை ஆண்டுதோறும் பணவீக்கத்துக்கு மேல் உயர்த்தும் திட்டம் வந்தது. சுற்றுச்சூழலும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. 2000 செப்டம்பரில் சரக்குந்து ஓட்டுநர்களும் உழவர்களும் எண்ணெய்க் கிடங்குகளை மறித்தனர். 2011 முதல் அந்த வரி உயர்த்தப்படவே இல்லை, 2022-இல் குறைக்கவும்பட்டது. பிரான்சில் 2018 நவம்பரில் எழுந்த மஞ்சள் மேலங்கிப் போராட்டத்தால் அடுத்த ஆண்டுக்கான வரி உயர்வு கைவிடப்பட்டது. நோக்கம் நல்லதாக இருந்தாலும், பேருந்து வசதி இல்லாத ஊரில் வாழ்பவருக்கு மாற்று வழி காட்டாமல் வரியை மட்டும் உயர்த்தினால் மக்கள் ஏற்பதில்லை என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

பொதுவாகக் கையாளப்படும் முறைகள்

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து சில பொதுக் கூறுகளைத் தொகுக்கலாம்.

பழியை இடம் மாற்றுதல்: வெளிநாடு, முந்தைய அரசு, மாநிலம், ஒன்றியம், எண்ணெய் நிறுவனம் என ஒரே ஒரு காரணத்தை மட்டும் முன்னிறுத்துதல். சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் உண்மையே. ஆனால் அது முழு உண்மை அன்று.

நேரத்தைத் தேர்தல்: உயர்வைத் தேர்தலுக்குப் பின்னும், குறைப்பைத் தேர்தலுக்கு முன்னும் வைத்துக்கொள்ளுதல்.

சொல்லைத் தேர்தல்: ஒரே தொகையை ஒருவர் மானியம் என்பார், மற்றவர் நட்டம் என்பார். இந்திய எண்ணெய் நிறுவனங்களின் "குறை வசூல்" என்பது இறக்குமதி விலையை அடிப்படையாகக் கொண்டு கணக்கிட்ட விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள இடைவெளி. கணக்கேட்டில் வரும் நட்டமும் அதுவும் ஒன்றல்ல. ஆயினும் மேடைகளில் இரண்டும் ஒன்றாகவே பேசப்பட்டன.

நெடுநாள் இலக்கு: பேசுபவரின் பதவிக்காலத்துக்குப் பின் முடியும் இலக்கை அறிவித்தல்.

காட்சியும் படமும்: மாட்டுவண்டி, கம்பளி மேலாடை, பங்குகளில் வைக்கப்படும் பதாகை ஆகியவை. 2021 மார்ச்சில் தேர்தல் நடந்த மாநிலங்களில் பெட்ரோல் பங்குகளில் இருந்த பிரதமர் படப் பதாகைகளை அகற்றத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது.

மௌனம்: வளம் குறைகிறது, நுகர்வு மாற வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுதல். கார்ட்டரின் தோல்வியிலிருந்து பலரும் கற்ற பாடம் இதுவே எனலாம்.

விளைவுகள்

இத்தகைய பேச்சுகளால் மக்களிடம் இருவகைத் தவறான எண்ணங்கள் உருவாகின்றன. ஒன்று, "எண்ணெய் என்றும் இருக்கும், விலையேற்றம் யாரோ செய்யும் சூழ்ச்சி" என்பது. மற்றொன்று, "எல்லாம் உலகச் சந்தையின் செயல், அரசு எதுவும் செய்ய முடியாது" என்பது. முதலாவது எண்ணம் மக்களைச் சிக்கனத்திலிருந்து விலக்குகிறது. இரண்டாவது வரியைப் பற்றிக் கேள்வி கேட்பதிலிருந்து விலக்குகிறது.

இந்தப் புரிதல் குறைவின் விலையை மிகுதியாகத் தருபவர்கள் எளியவர்களே. டீசல் ஏறினால் காய்கறி லாரியின் வாடகை ஏறும். விசைப்படகு கடலுக்குச் செல்லும் செலவு ஏறும். ஆட்டோ ஓட்டுநரின் நாள் வருவாய் குறையும். வசதி படைத்தவர் மின்வண்டி வாங்கிக்கொள்ளலாம். நகரப் பேருந்தை நம்பியிருப்பவருக்கு, அந்தப் பேருந்துகள் போதிய அளவில் ஓடுவதே மாற்று வழி. பொதுப் போக்குவரத்தை வளர்க்கப் பல ஆண்டுகள் ஆகும். எண்ணெய் மலிவாக இருக்கும் காலமே அதைத் தொடங்க ஏற்றது. ஆனால் விலை குறைந்திருக்கும்போது அதைப் பற்றிப் பேச எவருக்கும் தூண்டுதல் இருப்பதில்லை.

கூற்றுகளைச் சரிபார்க்கும் வழி

எரிபொருள் பற்றிய ஓர் அரசியல் கூற்றைக் கேட்கும் மாணவரும் வாசகரும் பின்வரும் கேள்விகளை எழுப்பலாம்.

1. ஒப்பிடப்படும் இரு விலைகளின் நாட்களில் கச்சா எண்ணெய் விலையும் டாலரின் மதிப்பும் எவ்வளவு?
2. அதே இரு நாட்களில் ஒன்றிய, மாநில வரிகள் எவ்வளவு?
3. "இத்தனை ஆண்டுகளுக்கு எண்ணெய் உள்ளது" என்றால், அது மெய்ப்பிக்கப்பட்ட இருப்பா? எந்த நுகர்வு அளவால் வகுக்கப்பட்டது?
4. இலக்கு அறிவிக்கப்பட்டால், அதன் முடிவாண்டு எது? முன்பு அறிவித்த இலக்கு என்னவாயிற்று?
5. விலைக் குறைப்பின் செலவை யார், எப்போது ஏற்கிறார்கள்?

இந்தியாவில் விலைக் கூறுகள், வரி விகிதங்கள், இறக்குமதி அளவு ஆகியவற்றைப் பெட்ரோலிய அமைச்சகத்தின் திட்டமிடல், பகுப்பாய்வுப் பிரிவு தொடர்ந்து வெளியிடுகிறது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த எவரும் அவற்றை வைத்து மேற்கண்ட முதல் இரு கேள்விகளுக்கு விடை காண முடியும். விலையைப் பற்றிய மேடைப் பேச்சு எந்தக் கட்சியினுடையதாக இருந்தாலும், அதைக் கேட்டபின் பென்சிலும் தாளும் எடுத்து ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.